ஈரத்துக்கு ஒரு நேரம்

ஹங்கேரிய உணவகத்தில் ஹோர்த்தோபாஜி பலச்சிந்தா கேட்டால், செம்மஞ்சள் நிறச் சாறு போர்த்திய இரண்டு சிறு பொட்டலங்கள் தட்டில் வரும். கரண்டி முனையால் பிளந்தால் உள்ளே அரைத்த இறைச்சி. அதைச் சுற்றியிருப்பது மைதாவும் முட்டையும் பாலும் கரைத்து வார்த்த ஏடு; பலச்சிந்தா என்பது இந்த ஏட்டின் பெயர்தான். அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உள்ளே ஈரமான பூரணம், வெளியே கொதிக்கும் சாறு, நடுவே தண்ணீரைக் கண்டால் குடித்து ஊதும் மாவுச்சத்து. சில நிமிடங்களில் எல்லாம் கூழாகியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஏடு கிழியாமல் நிற்கிறது, கடித்தால் அதன் இழுவை பல்லுக்குத் தெரிகிறது.

இனிப்புப் பலச்சிந்தாவுக்கு இந்தச் சோதனை கிடையாது. அதில் ஆப்ரிகாட் ஜாமோ பாலாடைக்கட்டியோ தடவிச் சுருட்டி உடனே தின்றுவிடுவார்கள். ஜாமில் இருக்கும் நீரையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புப் பூரணம் அப்படியில்லை. இறைச்சி, காளான், முட்டைக்கோஸ் எல்லாமே நீரை விடும். அதனால் காரப் பலச்சிந்தா செய்வது முழுக்க முழுக்க நீரை நிர்வகிக்கும் வேலை என்று நான் நினைக்கிறேன். எப்போது நீரைச் சேர்ப்பது, எப்போது விரட்டுவது, எப்போது திரும்ப அழைப்பது என்பதை ஹங்கேரியச் சமையல்காரர்கள் வேதியியல் படிக்காமலே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

மாவிலிருந்து தொடங்குவோம். வழக்கமான அளவு இது: 250 கிராம் மைதா, இரண்டு முட்டை, 300 மில்லி பால், 200 மில்லி சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். முட்டையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மாவைப்போல இரண்டு மடங்கு திரவம். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள தவாவில் 60 மில்லி ஊற்றினால், அது முழுவதும் பரவும்போது கனம் 1.6 மில்லிமீட்டர் வரும். நீராவி வெளியேறிய பிறகு இன்னும் குறையும்.

2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் யான் பூரெமெல், இயன் ஈம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், பெங் டீ காவ் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து, உலகின் 14 வகைப் பான்கேக்குகளை ஒப்பிட்டார்கள். விட்டத்தின் மும்மடியை ஊற்றிய மாவின் கன அளவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். தடித்துக் குட்டியாக இருக்கும் டச்சுப் பொஃபர்ட்யேவுக்கு அது 3. பிரெஞ்சு க்ரேப்புக்கு 300. மேலே சொன்ன அளவில் நம் பலச்சிந்தாவுக்குக் கணக்குப் போட்டால் 177 வருகிறது. மெல்லியதுதான், ஆனால் க்ரேப் அளவுக்கு மெல்லியதில்லை. பூரணம் தாங்க வேண்டிய ஏட்டுக்கு இந்த நடுநிலை பொருத்தம். கண் மருத்துவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இளகிய ஏட்டுக்கு அடியிலிருந்து நீராவி எப்படித் தப்புகிறது என்பது, க்ளக்கோமா அறுவையில் கண்ணின் மெல்லிய திசு வழியே திரவம் வடிவதைப் புரிந்துகொள்ள உதவும் என்பது அவர்கள் எண்ணம்.

மைதாவில் க்ளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. நீர் பட்டதும் இவை கைகோத்து க்ளூட்டன் வலை ஆகின்றன. வேகமாக அடித்துக் கரைத்தால் வலை விறைத்துப்போகும். அப்படிப்பட்ட மாவு தவாவில் பரவும்போது உள்ளிழுத்துக்கொள்ளும், வெந்த ஏடு ரப்பராகும். அதனால்தான் கரைத்த மாவை அரை மணி நேரமாவது தனியே வைக்கிறார்கள். அந்த நேரத்தில் வலை தளர்கிறது, மாவுத் துகள்கள் உள்வரை நனைகின்றன, கட்டிகள் கரைகின்றன. நீரைத் துகள்கள் எடுத்துக்கொள்வதால் கரைசல் கெட்டிப்படும். கரைத்தபோது இளக்கமாக இருந்த மாவு அரை மணியில் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியதில்லை, சோடாவின் முறை இனிமேல்தான் வரும்.

ஹங்கேரிக்கும் சோடாவுக்கும் நெடுநாள் உறவு. அன்யோஷ் யெட்லிக் என்ற பெனடிக்டின் துறவி 1826-ல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். மின்மோட்டாருக்கும் டைனமோவுக்கும் முன்னோடியான கருவிகளைச் செய்த இயற்பியலாளர் அவர். இத்தனை பெரிய மனிதரின் பெயர் ஹங்கேரிக்கு வெளியே ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். சோடா அங்கே வீட்டுப் பொருளாகி, பலச்சிந்தா மாவுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

சோடா என்ன செய்கிறது? குமிழிகளால் ஏடு உப்பும் என்பது பாதி உண்மைதான். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 0 டிகிரியில் 1.7 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 60 டிகிரியில் அந்த அளவு 0.4 லிட்டருக்கும் கீழே போய்விடும். மாவு சுடும் தவாவில் விழுந்ததும் எஞ்சிய வாயு ஒரே நேரத்தில் வெளியே பாய்கிறது. அந்தச் சிறு குமிழிகளைச் சுற்றி நீராவி திரள்கிறது, மாவு இறுகும்போது நுண்துளைகள் மிஞ்சுகின்றன. மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சோடா வந்த அளவுக்குப் பால் குறைகிறது. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் புரதமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஏடு சீக்கிரம் சிவக்கும், ஒட்டும், கனமாகும். பாலில் மட்டுமே கரைத்து வார்த்த ஏட்டையும் சோடா கலந்ததையும் அடுத்தடுத்து மடித்துப் பாருங்கள், வேற்றுமை கையிலேயே தெரியும். எப்படியானாலும் சோடாவைக் கடைசியில், வார்ப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். அரை மணி ஊறல் மாவுக்கு நல்லது, வாயுவுக்கு நஷ்டம்.

அடுத்தது தவா. தோசை மாவு தானாக ஓடாது. கரண்டியின் அடியால் வட்டமாகத் தேய்த்தால்தான் விரியும். பலச்சிந்தா மாவைத் தேய்ப்பதில்லை, தவாவைச் சாய்த்து ஓடவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் கறாரான ஒரு கணக்கு இருக்கிறது. மெல்லிய திரவப் படலம் ஓடும் அளவு, அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. கனம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது மெல்லிதாக ஆக ஆக, இன்னும் மெல்லிதாவது கடினம். இதனுடன் வெப்பமும் சேர்கிறது. 60 டிகிரியை ஒட்டிக் கோதுமை மாவுச்சத்து நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். அதே அளவில் முட்டை வெள்ளையின் ஒரு புரதமும், 80 டிகிரி வாக்கில் அதன் முதன்மைப் புரதமான ஓவால்புமினும் உறையும். பால் கலந்து நீர்த்திருப்பதால் உறைதல் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஓட்டத்துக்கும் உறைவுக்கும் இடையே சில நொடிகள்தான் கிடைக்கின்றன.

அந்த நொடிகளை எப்படிச் செலவிடுவது என்பதை 2019-ல் எட்வார்ட் பூஜோ, மாத்யூ செலியே என்ற இரண்டு திரவ இயக்கவியல் அறிஞர்கள் கணித்தார்கள். பாகுத்தன்மை கூடிக்கொண்டே போகும் ஒரு படலத்தைச் சீரான வட்டமாக்க, தவாவை எப்படி அசைக்க வேண்டும் என்பது கேள்வி. விடை: மாவு விழுந்ததும் ஒரு பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டும். மாவு விளிம்பைத் தொட்டதும் சாய்வைச் சுற்றிலும் திருப்பிக்கொண்டே வந்து, போகப் போகச் சாய்வைக் குறைத்துக் கடைசியில் தவாவைச் சமதளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹங்கேரியப் பாட்டிமார்களின் மணிக்கட்டு செய்வதும் இதுவேதான். கணினி போட்ட கணக்கும் பழகிய கையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

முதல் ஏடு கெட்டுப்போகும் என்பது எல்லா ஊர்ச் சமையலறைகளும் அறிந்த செய்தி. தவாவின் சூடு இன்னும் சீராகியிருக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாவு நடுவில் ஒட்டிக்கொள்வது. தவாவின் நடுவில் உணவு ஏன் ஒட்டுகிறது என்பதைச் செக் அறிவியல் அகாடமியின் அலெக்சாண்டர் ஃபெடோர்ச்சென்கோ, யான் ஹ்ரூபி இருவரும் 2021-ல் விளக்கினார்கள். எண்ணெயின் பரப்பு இழுவிசை, சூடு ஏற ஏறக் குறையும். தவாவின் நடு அதிகம் சூடாவதால் அங்கே இழுவிசை தளர்கிறது. ஓரத்தின் வலுவான இழுவிசை எண்ணெயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நடுவில் காய்ந்த வட்டம் ஒன்று உருவாகிறது, மாவு அங்கேதான் ஒட்டும். மாவுக்குள்ளேயே ஒரு கரண்டி எண்ணெய் கலக்கும் ஹங்கேரிய வழக்கம் இதற்கு நேரான மருந்து. எண்ணெய் படலமாக ஓடிப்போக இடமில்லாமல், ஏடு முழுவதும் நுண்துளிகளாகப் பரவி உடன் வருகிறது.

ஏட்டின் இரண்டு முகங்களும் ஒரே மாதிரி சிவப்பதில்லை. முதல் முகம் திரவமாக இருக்கும்போதே தவாவோடு ஒட்டி வேகிறது, அதனால் நிறம் பரவலாக ஏறும். திருப்பும் நேரத்தில் மேல்முகம் மேடுபள்ளமாக இறுகிவிட்டிருக்கும். மேடுகள் மட்டுமே தவாவைத் தொடும், அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். ஈரம் இருக்கும்வரை மாவின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் தரும் மெய்யார் வினை வேகமெடுப்பதோ 140 டிகிரி வாக்கில். ஆகவே பழுப்பு என்றால் அந்த இடம் காய்ந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இடம் மடிக்கும்போது உடையும். பூரணம் வைக்கப்போகும் ஏட்டை வெளிறிய பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவதும், அதில் சர்க்கரை சேர்க்காததும் இதற்காகத்தான்.

மடிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஏட்டை வளைத்தால் அதன் வெளிமுகம் நீளும். எவ்வளவு நீளும் என்பது, கனத்தை வளைவின் ஆரத்தைப்போல இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஐந்து மில்லிமீட்டர் ஆரத்தில் மடித்தால், ஒரு மில்லிமீட்டர் ஏட்டின் வெளிமுகம் பத்து சதவீதம் நீள வேண்டும்; மூன்று மில்லிமீட்டர் ஏடு முப்பது சதவீதம். முட்டையும் க்ளூட்டனும் பத்தைத் தாங்கிவிடும், முப்பதில் விரிசல் விழும். ஏடு மெல்லியதாக இருப்பது அழகுக்கு மட்டுமில்லை, பொட்டலம் கட்டுவதற்கும்தான்.

வார்த்த ஏடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைக்கிறார்கள். ஓரம் காய்ந்தும் நடு ஈரமாகவும் இருந்த ஏடுகள், ஆவியில் ஈரத்தைப் பங்கிட்டுக்கொண்டு எல்லா இடத்திலும் ஒரே பதத்துக்கு வருகின்றன. ஆறும்போது மாவுச்சத்தின் அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி உறுதிப்படுகின்றன. சாற்றைத் தாங்கும் வலு ஏட்டுக்கு இங்கே கூடுகிறது. சுடச்சுட மடித்தால் இந்த வலு வராது.

இனிப் பூரணம். ஹோர்த்தோபாஜ் என்பது கிழக்கு ஹங்கேரியின் பெரும் புல்வெளி. 1973-ல் தேசியப் பூங்காவாகவும் 1999-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். ஆனால் அதன் பெயரைச் சுமக்கும் இந்தப் பலச்சிந்தா மேய்ப்பர்களின் உணவு இல்லை. உணவகச் சமையலில் பிறந்தது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியோடு சேர்த்துத்தான் அதன் புகழைச் சொல்கிறார்கள். மேய்ப்பர்களோடு அதற்கு உறவு உண்டென்றால், அது உள்ளே இருக்கும் பொர்கொல்ட் என்ற இறைச்சிக் குழம்பின் வழியாகத்தான்.

பொர்கொல்ட் செய்ய, பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தைப் பொறுமையாக வதக்குவார்கள். பிறகு வரும் ஒரு செயலைச் சமையல் குறிப்புகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன: சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, பாப்ரிக்காப் பொடியைத் தூவி, ஒரு கிளறு கிளறி, உடனே இறைச்சியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ப்பது. பாப்ரிக்கா என்பது இனிப்பு மிளகாயின் பொடி. நம் மிளகாயைப்போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த செடி, போய்ச் சேர்ந்த மண்ணில் வேறு குணம் கொண்டது. மிளகாயின் காரம் சுரப்பது விதையைப் பிடித்திருக்கும் வெண்ணிற நரம்பில். அதை நீக்கி அரைத்தால் காரம் தணிந்து நிறம் மிஞ்சும். அந்த நிறத்தின் பெரும்பங்கு காப்சாந்தின் என்ற கரோட்டினாய்டு. பேச் நகரில் லாஸ்லோ ஸெக்மைஸ்டரும் லாஸ்லோ சோல்னோகியும் 1920-களின் இறுதியில் அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். காப்சாந்தின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீரில் தூவினால் நிறம் பொடியிலேயே தங்கிவிடும். கொழுப்பில் தூவினால் சட்டி முழுக்கச் சிவக்கும்.

அப்படியென்றால் அடுப்பிலிருந்து ஏன் இறக்க வேண்டும்? பாப்ரிக்காவில் சர்க்கரை நிறைய இருக்கிறது. 150 டிகிரியைத் தாண்டிய கொழுப்பில் அது சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும், நிறமும் சிதையும். கொழுப்பு வேண்டும், அதன் உச்ச வெப்பம் வேண்டாம். உடனே தண்ணீர் ஊற்றுவதன் நோக்கமும் அதுவே: நீர் இருக்கும்வரை சட்டி 100 டிகிரியில் கட்டுண்டிருக்கும். தவாவில் நிறம் ஏறவிடாமல் தடுத்த அதே நீர் இங்கே நிறத்தைக் காப்பாற்றுகிறது. செகெட் நகரில் பாப்ரிக்காவிலிருந்து வைட்டமின் சி-யைக் கிலோக் கணக்கில் பிரித்த ஆல்பெர்ட் செண்ட்-ஜியோர்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது பச்சைப் பழத்தை. உலர்த்திப் பொடித்து நெடுநேரம் கொதித்த பொர்கொல்ட்டில் அந்த வைட்டமினைத் தேடக்கூடாது.

கன்றிறைச்சியோ கோழித்தொடையோ சிறுதீயில் வேகும்போது, இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகிச் சாற்றில் கலக்கிறது. இறைச்சி மெத்தென்று ஆனதும், இந்தப் பலச்சிந்தாவின் அறிவுக்கூர்மை முழுவதும் அடங்கிய கட்டம் வருகிறது. இறைச்சியைச் சாற்றிலிருந்து வடித்துத் தனியே எடுத்து, பொடியாக நறுக்கியோ அரைத்தோ வைத்து, சாற்றைச் சட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரே குழம்பு இரண்டாகப் பிரிகிறது. பூரணத்தில் சாறு ஓரிரு கரண்டி மட்டுமே, உதிராமல் பிடிக்கும் அளவுக்கு. பூரணம் ஆறும்போது அதிலுள்ள ஜெலட்டின் உறைந்து நீரைச் சிறைப்பிடிக்கிறது. கையால் உருட்டி வைத்தாலும் ஏட்டில் ஈரம் கசியாது. 35 டிகிரி வாக்கில் ஜெலட்டின் உருகும். அது தட்டில் நடக்கட்டும், பலகையில் நடக்க வேண்டாம். எத்தனையோ குழம்புகளைச் சாறோடு பொட்டலம் கட்ட முயன்று தோற்பவர்களுக்கு இந்தப் பிரிப்பு ஒன்றே போதுமான விடை.

சட்டியில் மிஞ்சிய சாற்றுக்குத் துணை தெய்ஃபோல், அதாவது புளித்த க்ரீம். அதை நேராகக் கொதிக்கும் சாற்றில் ஊற்றினால் திரிந்துவிடும். புளிப்பினால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கேசீன் புரதத் துகள்கள், சூடு பட்டதும் ஒன்றோடொன்று மோதிக் கட்டியாகின்றன. ஹங்கேரிய வழி இது: தெய்ஃபோலில் ஒரு கரண்டி மைதாவைக் கட்டியின்றிக் கலக்க வேண்டும். பிறகு சூடான சாற்றில் கொஞ்சம் எடுத்து அதில் ஊற்றிக் கலந்து சூட்டைச் சமன்செய்து, அதன் பின்னரே சட்டிக்கு. சூட்டில் ஊதும் மாவுச்சத்துத் துகள்கள் சாற்றைக் கெட்டியாக்கிக் கேசீன்களை நெருங்கவிடாமல் செய்கின்றன. கொழுப்புக் கூடிய க்ரீம் இன்னும் பாதுகாப்பானது. 12 சதவீதத்தைவிட 20 சதவீதக் கொழுப்புள்ள தெய்ஃபோல் சூட்டை நன்றாகத் தாங்கும்.

மாவுச்சத்து சாற்றுக்குள் வந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. கெட்டியான சாற்றில் நீர் கட்டுண்டு கிடப்பதால், ஏட்டுக்குள் அது மெதுவாகத்தான் நுழைய முடியும். நீர்த்த சாறு நுண்துளைகள் வழியே உடனே ஊறிவிடும். பொட்டலங்களை அடுக்கி, சாற்றை ஊற்றி, பத்து நிமிடம் சூட்டடுப்பில் வைத்து உடனே பரிமாறினால், ஏட்டின் வெளிப்புறம் சாற்றை வாங்கி மெத்தென்று ஆகியிருக்கும், உட்புறம் இழுவையோடு இருக்கும். முன்கூட்டியே ஊற்றி வைத்துவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருக்கும் சமையல்காரர், அதுவரை சேர்த்த எல்லாவற்றையும் இழந்துவிடுவார்.

மற்றப் பூரணங்களுக்கும் இதே கவனம் தேவை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அதன் செல் சுவரில் இருக்கும் கைட்டின் சூட்டில் கரையாது என்பதால், எவ்வளவு நேரம் வதக்கினாலும் காளான் கூழாகாது. தயங்காமல் நீர் முழுவதும் வற்றும்வரை வதக்கலாம். பன்றித்தொடை ஹாமைப் பொடியாக நறுக்கித் தெய்ஃபோலில் பிசைந்து, ஏடுகளுக்கிடையே அடுக்கடுக்காகப் பரப்பிச் சுடும் வகையில், மேலேயும் அடியிலும் இருக்கும் ஏடுகள்தான் அதிகம் வேகும்; நடு அடுக்குகள் ஆவியில் மெத்தென்று ஆகி ஒன்றாகிவிடும். அதை மடிக்க வேண்டாம், கத்தியால் வெட்டிப் பரிமாறலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பொரித்த வகை. பூரணம் வைத்து மூடிய பொட்டலத்தை மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் உருட்டி, 170 டிகிரி எண்ணெயில் போடுவார்கள். முட்டை உடனே உறைந்து பொட்டலத்தின் வாயை அடைக்கிறது. ரொட்டித்தூளின் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளும்வரை எண்ணெய் உள்ளே வர வழியில்லை. அந்தச் சலசலப்பு அடங்கத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். மொறுமொறுப்பான அந்த மேலோட்டின்மேல் யாரும் சாறு ஊற்றுவதில்லை. தொட்டுக்கொள்ள அது கிண்ணத்தில் தனியாக வரும்.